மாப்பிள்ளை எந்தக் கார்ல?

— கீழதான் நிக்கிறேன் இளமதி. எங்க புளோக்குக்குக் கீழ.

— எங்க புளோக்குன்னா?

— புக்கிட் பாஞ்சாங் லா. சிங்கப்பூர்ல எனக்கு வேற எந்த புளோக்கு இருக்கு? தரைத்தளத்து வாய்ட் டெக்ல, லெட்டர் பாக்ஸ் பக்கத்துல.

— வருண், இன்னைக்கு உனக்குக் கல்யாணம்.

— தெரியும்.

— எனக்கும்தான்.

— அதுவும் தெரியும். மாலை போட்டுட்டுத்தான் நிக்கிறேன். பட்டு வேட்டி, தலைப்பா, நெத்தியில சந்தனம், எல்லாம் பக்கா. டெக்னிக்கலா பாத்தா நான் ரெடி.

— டெக்னிக்கலா பாத்தா நீ இந்நேரம் சிராங்கூன் ரோட்டுல கோயிலுக்குள்ள இருக்கணும்.

— அதான் கார் வரலையே.

— எந்தக் கார்?

— வந்த காரெல்லாம் போயிடுச்சு. இனிமே வர்ற காருக்குத்தான் நிக்கிறேன்.

— ஆண்டவா. முதல்லருந்து சொல்லு. மெதுவாச் சொல்லு. நான் சிரிக்கக் கூடாது, கண்ணு மை கரைஞ்சிரும்.

— காலைல எல்லாரும் ஒண்ணாத்தான் இறங்கினோம். ஒரு பஸ்ஸு, மூணு கார். நான் லிஃப்டை விட்டு வெளிய வந்தப்பதான் ஞாபகம் வந்துச்சு, அக்கா சேலைக்கு அயர்ன் போட்டாங்களே, ஸ்விட்சை அணைச்சாங்களான்னு. கேட்டேன். அக்காவோட சேர்ந்து அங்க நின்ன அத்தனை பேரும் சொன்னாங்க, "அணைச்சிருப்பாங்க"ன்னு.

— யாரு அணைச்சிருப்பாங்க?

— அதுதான் யாருக்கும் தெரியல. அக்கா, அம்மா அணைச்சிருப்பாங்கன்னாங்க. அம்மா, அக்கா அணைச்சிருப்பான்னாங்க. சரின்னு நானே மேல போனேன்.

— ஆன்லயா இருந்துச்சு?

— ஆன்லதான் இருந்துச்சு. பக்கத்துல மாமாவோட புதுச் சட்டை, லேசா காபி கலர்ல. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா நம்ம கல்யாணத்துக்கு முதல்ல வந்து எறங்குறது தீயணைப்பு வண்டியாத்தான் இருந்திருக்கும். அணைச்சேன், ஜன்னலைச் சாத்தினேன், கேட்டைப் பூட்டினேன், லிஃப்டுக்கு நின்னேன். கீழ வந்தா ஒருத்தர் இல்ல. பஸ்ஸு நின்ன எடத்துல ஒரு புறா நிக்குது.

— மாப்பிள்ளை வீட்டு பஸ்ஸு மாப்பிள்ளைய விட்டுட்டுப் போயிருச்சு.

— காருங்களும்தான். ஜோடனையோட, ஒண்ணு பின்னால ஒண்ணா, ரொம்ப அழகாப் போயிருப்பாங்க.

— சிரிக்காத வருண். நீ சிரிச்சா எனக்கும் வருது. யாருமே கேக்கலையா, மாப்பிள்ளை எங்கன்னு?

— கேட்டிருப்பாங்க. "பின்னால வர்ற கார்ல இருப்பான்"னு பதில் வந்திருக்கும். கடைசிக் கார்ல இருந்தவங்க, "முன்னால போற கார்ல இருப்பான்"னு சொல்லியிருப்பாங்க.

— உன்னைக் கூட்டிட்டு வர்ற பொறுப்பு யாருக்கு?

— அதுக்குன்னு ஒரு வாட்ஸ்அப் குரூப்பே இருக்கு. "வெடிங் டிரான்ஸ்போர்ட்". அதுல எல்லாரும் குட்மார்னிங் படம் போட ஆரம்பிச்சதால "வெடிங் டிரான்ஸ்போர்ட் ஃபைனல்". அதுலயும் போட்டாங்க. அப்புறம் கவிப்ரியா அக்கா "ஃபைனல் சீரியஸ்"னு ஒண்ணு ஆரம்பிச்சு நேரடியாவே கேட்டாங்க, "மாப்பிள்ளைய யாரு கூட்டிட்டுப் போறது?"ன்னு.

— யாரு சரின்னா?

— எல்லாரும். கட்டைவிரலாக் கொட்டுச்சு. நானே ஒரு கட்டைவிரல் போட்டேன்.

— உன்னை நீயே கூட்டிட்டு வர்றேன்னா?

— மெசேஜைப் பாத்துட்டேன்னு காட்டுறதுக்கு லா.

— சரி விடு. உங்க மருதப்பன் மாமா பஸ்ஸுல ஏறுனா தலைய எண்ணாம விட மாட்டாரே. மலேசியா போனப்போ டாய்லெட்டுக்குப் போயிட்டு வந்தாக்கூட எண்ணினாரு.

— எண்ணியிருக்காரு. குரூப்ல போட்டிருக்காரு பாரு, "தலை எண்ணிக்கை சரி, வண்டி கிளம்புது"ன்னு. என்னையும் பஸ்ஸு கணக்குலதான் வெச்சிருந்தாரு. நான் இல்லாம எப்படிச் சரியா வந்துச்சுன்னுதான் எனக்குப் புரியல.

— இரு. இரு, இரு. எனக்குப் புரிஞ்சிருச்சு.

— என்ன?

— கல்யாணத்தோட லைவ் வீடியோ ஓடுதில்ல, அதைத்தான் பாத்துட்டு இருக்கேன். முதல் வரிசையில, உங்க அம்மாவுக்குப் பக்கத்துல ஒரு சீனத்து அங்கிள் உக்காந்திருக்காரு. மஞ்சத் தொப்பி, கழுத்துல ஏதோ டேக். நான் உன்னோட பாஸ்னு நெனச்சு அப்பவே சொல்லிக்கிட்டேன், பாவம், மரியாதையா முதல் ஆளா வந்துட்டாரேன்னு.

— என் பாஸ் ஒரு அம்மா. அவங்களுக்குத் தொப்பியும் கெடையாது. என்ன தொப்பின்ன?

— மஞ்சத் தொப்பி.

— போச்சு. இன்னைக்கு எங்க புளோக்குல பெரியவங்களை மலாக்காவுக்கு டூர் கூட்டிட்டுப் போறாங்க. அவங்களுக்குத்தான் மஞ்சத் தொப்பி குடுத்தாங்க. அந்த பஸ்ஸும் அதே எடத்துலதான் நிக்கும்.

— அப்ப உன் சீட்டுல ஏறுனது அவருதான்.

— மாமா தலையத்தான் எண்ணுவாரு. யாரோட தலைன்னு பாக்க மாட்டாரு.

— அவருக்குச் சந்தனம் வெச்சிருக்காங்க. பன்னீர் தெளிச்சிருக்காங்க. இப்ப யாரோ கேசரி குடுக்குறாங்க. நிம்மதியாச் சாப்பிடுறாரு பாவம், டூர்ல முதல் ஸ்டாப்பே கோயில்னு நெனச்சிருப்பாரு.

— யாரும் அவரைக் கேக்கலையா?

— எங்க ஆளுங்க அவரை உங்க பக்கம்னு நெனச்சிருப்பாங்க. உங்க ஆளுங்க எங்க பக்கம்னு நெனச்சிருப்பாங்க. ஐயோ என் கண்ணு மை.

— நீ சிரி. என் நெலமையப் பாரு.

— நீ யாருக்கும் போன் போடலையா?

— போடாம இருப்பேனா? அம்மாவுக்குப் போட்டேன். அம்மா போன் அக்கா ஹேண்ட்பேக்ல. அக்கா போன் சைலண்ட்ல. மாமா மட்டும் எடுத்தாரு.

— எடுத்தாரா? அப்புறம் என்ன?

— ஒரே மேளச் சத்தம். "மாமா, நான் மாப்பிள்ளை பேசுறேன்"னேன். "மாப்பிள்ளை உள்ளதான் இருக்காரு, எனக்குத் தலைக்கு மேல வேலை, அப்புறமா கூப்பிடுங்க"ன்னு வெச்சுட்டாரு.

— உள்ளதான் இருக்காராமா?

— அடிச்சுச் சொன்னாரு. ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துருச்சு.

— பிளானர் ரோஷினிக்குப் போட்டியா? "உங்கள் திருமணம், எங்கள் பொறுப்பு"ன்னு கார்டு அடிச்சு வெச்சிருக்காளே.

— போட்டேன். ரொம்பத் தன்மையாப் பேசுனா. "உங்க கவலை எனக்குப் புரியுது சார். ஆனா நீங்க எடுத்த பேக்கேஜ்ல மேடை, பூ, சவுண்டு மட்டும்தான். மாப்பிள்ளையும் பொண்ணும் வந்து சேர்றது கஸ்டமர் சைடு"ன்னா. அப்புறம், இந்தப் போன் காலுக்கு எத்தனை ஸ்டார் குடுப்பீங்கன்னு ஒரு மெசேஜ் வந்துச்சு.

— குடுத்தியா?

— நாலு குடுத்தேன்.

— நாலா?

— அவ என்ன பண்ணுவா, பாவம்.

— வருண், உன்னைத்தான் நான் கட்டிக்கப் போறேன், பாரு. சரி, போறவங்க வர்றவங்க யாருமே கேக்கலையா, இப்படி அலங்காரத்தோட ஒருத்தன் தனியா நிக்கிறானேன்னு?

— எல்லாரும் வாழ்த்துனாங்க லா. நாயைக் கூட்டிட்டுப் போன ஒரு ஜோடி செல்ஃபி எடுத்துச்சு. ஜாகிங் போன ஒருத்தர் ரெண்டு ரவுண்டு வந்தாரு, ரெண்டு தடவையும் கை குடுத்தாரு. எட்டாம் மாடிக்காரர் தூரத்துல நின்னு படம் எடுத்து ஏதோ ஒரு ஆப்ல கம்ப்ளெய்ன்ட் போட்டுட்டாரு.

— உன்னையா?

— என் மாலையை. பூ உதிருதில்ல. "பொது இடத்தில் குப்பை, ஆளில்லை"ன்னு போட்டிருக்காரு. "அங்கிள், ஆள் நான் இருக்கேனே"ன்னேன். "அதெல்லாம் நமக்குத் தெரியாது தம்பி, சேர்க்க வேண்டிய எடத்துல சேர்த்தாச்சு, மூணு வேலை நாள்ல வந்து பாப்பாங்க"ன்னு சொல்லிட்டு லிஃப்ட்ல ஏறிட்டாரு.

— நல்லதாப் போச்சு. மூணு வேலை நாள் கழிச்சு வந்து உன்னையும் சேர்த்து அள்ளிட்டுப் போவாங்க.

— இளமதி, உங்க அம்மாகிட்ட போனைக் குடேன். அவங்க யாரையாச்சும் அனுப்பட்டும்.

— அம்மா பக்கத்துல இல்ல.

— வேற யாராச்சும்?

— யாரும் இல்ல. ரூம்ல நான் மட்டும்தான் இருக்கேன்.

— அதான் மேளச் சத்தமே கேக்கலையா?

— கதவு சாத்தியிருக்கு. நீ என்னை விடு. அங்க, லைவ்ல கேக்குற கூத்தைச் சொல்றேன் கேளு. உங்க சித்தப்பா மைக் பக்கத்துல நின்னு எங்க சித்தப்பாகிட்ட, "பொண்ணு ரெடியா?"ங்குறாரு. எங்க சித்தப்பா, "ரெடி. மாப்பிள்ளை ரெடியா?"ங்குறாரு. ரெண்டு பேரும் தலைய ஆட்டிக்கிட்டு ஆளுக்கொரு பக்கம் போறாங்க. மேடையில ரெண்டு நாற்காலி. ரெண்டும் காலி. அதுக்கு ஊர்லருந்து முந்நூறு பேரு ஹார்ட் அனுப்பிட்டு இருக்காங்க.

— காலியாத்தானே இருக்கும். நான் இங்க இருக்கேன், நீ ரூம்ல இருக்க.

— ஆமா. நான் ரூம்ல இருக்கேன்.

— ஏன் ஒரு மாதிரி பேசுற?

— ஒண்ணும் இல்ல. நீ இப்ப என்ன பண்ணப் போற?

— குரூப்ல போட்டுட்டேன், "நான் கீழ நிக்கிறேன், யாராச்சும் வாங்க"ன்னு.

— பதில் வந்துச்சா?

— வந்துச்சு.

— என்னன்னு?

— கட்டைவிரல்.

— வருண்.

— நிறைய கட்டைவிரல். அதான் யாராச்சும் வருவாங்கன்னு நிக்கிறேன்.

— வருண், நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. தேக்காவுல முதமுதல்ல சாப்பிடப் போனோமே, ஞாபகம் இருக்கா? மீ கோரெங்கா பிரியாணியான்னு கடைக்காரரையே கேட்ட. அவரு, "நீங்கதானே தம்பி சாப்பிடப் போறீங்க"ன்னாரு.

— ரெண்டுமே நல்லாருக்கும் லா அங்க.

— வீடு எடுக்கப் போனப்போ கடைசியா ரெண்டு வீடு இருந்துச்சு. கௌண்டர்ல இருந்த பொண்ணு எதுன்னு கேக்குது. நீ என்னைப் பாக்குற. நான் உன்னைப் பாக்குறேன். பின்னால நின்னவங்க ஒண்ணை எடுத்துட்டாங்க. மிச்சம் இருந்தது நம்ம வீடு.

— நல்ல வீடுதானே.

— குப்பைத் தொட்டிக்கு எதுத்தாப்புல. கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டதுகூட நான்தான். அதுக்கு நீ என்ன சொன்ன?

— அதை இப்ப எதுக்கு.

— "எனக்கு ஓகே, உனக்கு ஓகேன்னா"ன்னு சொன்ன. கேட்டதே நான். நான் அன்னைக்கு வீட்டுக்கு வந்து சிரிச்சேன். இன்னைக்கும் சிரிப்பு வருது. ஆனா நாளைக்கு ஒரு புள்ள பொறந்து, அதுக்குக் காய்ச்சல் அடிக்குதுன்னு வையி. நீ குரூப்ல போடுவ. நான் ஒரு கட்டைவிரல் போடுவேன். உங்க அம்மா ஒண்ணு, எங்க அம்மா ஒண்ணு. புள்ளைய யாரு தூக்குறது?

— நீயும்தானா கட்டைவிரல் போடுவ?

— நான் மட்டும் என்ன ஒசத்தி? நானும் அதே ஜாடிலருந்து எடுத்த ஊறுகாதான். அதான் பயமா இருக்கு. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தராச்சும் தூக்கணும் வருண்.

— நான் தூக்குவேன்.

— எப்ப?

— இப்ப என்ன பண்ணணும்கிற?

— அதையும் நானே சொல்லணுமா?

— டாக்சி எடுக்கவா?

— கேக்குறியா, சொல்றியா?

— சொல்றேன். டாக்சி எடுக்குறேன்.

— என் ராசா.

— நீ புக் பண்ணி விடுறியா?

— வருண், நான் கல்யாணப் பொண்ணு.

— சரி சரி, நானே பண்றேன். லைன்லயே இரு. இதோ கெடைச்சிருச்சு. நாகூர் கனின்னு ஒருத்தர். பக்கத்துலதான் இருக்காரு, இப்பத்தான் யாரையோ எறக்கி விட்டிருக்காரு போல. அந்தா, வண்டி திரும்புது.

— கையக் காட்டு. இதுவும் உன்னை விட்டுட்டுப் போயிடப் போகுது.

— அண்ணே, அண்ணே, இங்க. நான்தான் வருண்.

— நீங்கதான் வருண்ணு எப்படித் தம்பி தெரிஞ்சுக்கறது? போட்டோல தலைப்பா இல்லையே.

— கல்யாணம்ணே. அதான் தலைப்பா.

— யாருக்குக் கல்யாணம்?

— எனக்குத்தாண்ணே.

— அப்படியா. சந்தோஷம். மத்தவங்கெல்லாம் எங்க?

— முன்னாலயே போயிட்டாங்க.

— மாப்பிள்ளைய விட்டுட்டா? சரி, நமக்கு எதுக்கு. ஏறுங்க. பெல்ட்டு போடுங்க.

— மாலை இருக்குண்ணே. பெல்ட்டு மாலைக்கு மேலயா, கீழயா?

— அது நீங்கதான் முடிவு பண்ணணும். நம்ம கையில என்ன இருக்கு? போடலைன்னா சம்மன் எனக்கு வரும், அவ்வளவுதான்.

— இளமதி, பெல்ட்டு மாலைக்கு...

— என்னைக் கேக்காத.

— சரி. மேலயே போட்டுட்டேன். பூ நசுங்குனா நசுங்கட்டும்.

— முதல் முடிவு. ஸ்பீக்கர்ல போடு, நான் அண்ணன்கிட்ட பேசுறேன். அண்ணே, வணக்கம். நான்தான் பொண்ணு.

— வ அலைக்கும்... மன்னிச்சுக்கம்மா, வாய்ப்பழக்கம். வணக்கம், வணக்கம். கவலைப்படாதீங்க, மாப்பிள்ளைய பத்திரமாக் கொண்டாந்து சேத்துடுவோம். சிராங்கூன் ரோடு, தேக்காவுக்குத்தானே? போனு பிகேஇ எக்ஸ்பிரஸ்வேல ஏறி பிஐஇ வழியாப் போகச் சொல்லுது.

— அண்ணே, பிஐஇ-ல ஏதோ ஆக்சிடெண்ட்டுன்னு இப்பத்தான் போன் மேப்ல பாத்தேன். ஒரே சிவப்பா இருக்கு.

— ஆமா தம்பி. அங்கருந்துதான் வர்றேன். வண்டி ஒரு இஞ்சு நகரல. ஆளுங்க இஞ்சினை அணைச்சுட்டுத் தூங்குறாங்க.

— அப்புறம் ஏண்ணே அங்க போறீங்க?

— போனு சொல்லுதே.

— வேற வழி இல்லையா?

— ஏன் இல்லாம? புக்கிட் தீமா ரோட்டைப் புடிச்சா ஒரே நேரு. கண்ணைக் கட்டி விட்டாலும் தேக்காவுல கொண்டுபோய் நிறுத்திடுவேன். ரோடு காலியாத்தான் கெடக்கு.

— அப்ப அதுலயே போங்கண்ணே.

— அது எப்படித் தம்பி? போன மாசம் ஒரு மேடம் ஏறுனாங்க. போனு காட்டுன வழியில மரம் விழுந்து கெடந்துச்சு. நான் சுத்திக்கிட்டுப் போனேன். "ஏன் வழி மாறுனீங்க"ன்னு கம்ப்ளெய்ன்ட். அதுலருந்து ஒண்ணு வெச்சுக்கிட்டேன், போனு மரத்துல ஏறுன்னா மரத்துல ஏறிடுறது. சிஸ்டம் சொல்லுச்சு, ஏறுனேன். யாரும் நம்மளைக் கேக்க முடியாது.

— அண்ணே, முகூர்த்தம் தாண்டிடும்ணே. அதே மேடையில அடுத்து வேற கல்யாணம் இருக்கு.

— பாவம்தான். ஆனா நம்ம கையில என்ன இருக்கு?

— ஸ்டியரிங் இருக்கேண்ணே உங்க கையில.

— அம்மா நல்லாப் பேசுது. இந்தா, பிகேஇ முக்கு வரப்போகுது. இடது பக்கம் ஏறவான்னு சொல்லுங்க. யாராச்சும் ஒருத்தர் சொன்னாப் போதும், நான் பேசாமப் போயிட்டே இருப்பேன்.

— வருண்.

— என்ன?

— லைவ்ல அந்த மஞ்சத் தொப்பி அங்கிளை மேடைக்குக் கூட்டிட்டுப் போறாங்க.

— எதுக்கு?

— போட்டோகிராஃபருக்கு லைட்டு பாக்கணுமாம். உன் நாற்காலியில உக்கார வெச்சிருக்காரு. இரு, ஐயர் நிமிந்து பாக்குறாரு. பாவம், அவருக்கும் நேரமாச்சு. அந்த அங்கிள் கையப் புடிச்சு விரல்ல தர்ப்பை மாட்டுறாரு.

— விளையாடுறியா?

— சத்தியமா. அங்கிளும் சமத்தா விரலை நீட்டுறாரு. தொப்பியக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டாரு, மரியாதைக்கு. உங்க அம்மா யார்கிட்டயோ மும்முரமாப் பேசிட்டு இருக்காங்க, பாக்கவே இல்ல. ஐயர் ஏதோ சொல்லச் சொல்ல அங்கிளும் திருப்பிச் சொல்றாரு. உன்னைவிட நல்லாவே சொல்லுவாரு போல. நீ பிஐஇ-ல போய்த் தூங்குனா நான் அவருக்குத்தான் கழுத்தை நீட்டணும்.

— தம்பி, முக்கு வந்துருச்சு. இடதா, நேரா?

— நேராப் போங்கண்ணே. புக்கிட் தீமா ரோட்டுல விடுங்க.

— யோசிச்சுச் சொல்லுங்க தம்பி. பின்னால ஒரு பேச்சு வரக் கூடாது.

— வராது.

— லேட்டானா?

— ஆனா என் பொறுப்பு.

— இதைக் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. கண்ணாடி மேல கேமரா இருக்கு பாருங்க, அதைப் பாத்துச் சொல்லிடுங்க.

— நான் வருண். இந்த வண்டி போன் காட்டுற வழியில போகல. நான்தான் மாறிப் போகச் சொன்னேன். நேரத்துக்குப் போனாலும் போகலைன்னாலும் அது என் பொறுப்பு. அண்ணன் மேல எந்தத் தப்பும் இல்ல. போதுமாண்ணே?

— போதும் தம்பி. மாஷா அல்லாஹ், இந்த வண்டில இதுவரைக்கும் ஒருத்தர் வாயிலருந்தும் அந்த வார்த்தை வந்ததில்ல. போனை அணைச்சிடவா? திரும்பு திரும்புன்னு கத்திக்கிட்டே வரும்.

— அணைங்கண்ணே. என் போனை இல்ல, உங்க போனை.

— அணைச்சாச்சு. ஆஹா, என்ன ஒரு அமைதி. பாருங்க ரோட்டை, பாய் விரிச்ச மாதிரி கெடக்கு.

— இளமதி, கேட்டியா? இளமதி? லைன்ல இருக்கியா?

— இருக்கேன்.

— அழுறியா?

— இல்ல. மை கண்ணுல போயிருச்சு.

— நான் வந்துடுவேன். நிஜமா. அந்த அங்கிள் எழுந்திரிக்கலைன்னா நானே போய் எழுப்புறேன். யாரையும் கேக்க மாட்டேன். நேரா மேடைக்கு வந்து, "அங்கிள், இது என் சீட்டு"ன்னு சொல்லிடுறேன்.

— நல்லாச் சொல்லு.

— அப்புறம் நானே அவரை மலாக்கா பஸ்ஸுல ஏத்தி விடுறேன். சாப்பாடு கட்டிக் குடுத்து. யாரு பொறுப்புன்னு குரூப்ல கேக்க மாட்டேன்.

— வருண், போதும். எனக்கு வெக்கமா இருக்கு.

— உனக்கு என்ன வெக்கம்? நின்னுட்டு இருந்தவன் நான். கேணையன் மாதிரி, மாலையப் போட்டுக்கிட்டு, கட்டைவிரலைப் பாத்துக்கிட்டு.

— நான் எவ்வளவு திட்டுனேன் உன்னை.

— நியாயமாத்தானே திட்டுன.

— நியாயம்தான். ஆனா திட்டுறதுக்கு எனக்கு ரைட்ஸ் இல்ல. அண்ணே, ஃபேரர் ரோடு தாண்டிட்டீங்களா?

— இன்னும் இல்லம்மா. முன்னால சிக்னல் தெரியுது பாருங்க, அதான். ஏன்?

— அங்க வலது பக்கம் திரும்ப முடியுமா?

— திரும்பலாம். ஆனா அது தேக்காவுக்குப் போகாதே. தம்பி, என்ன சொல்றீங்க, திரும்பவா?

— இரு இளமதி. கோயிலு நேரால்ல இருக்கு. எதுக்குத் திரும்பணும்?

— நான் உனக்குப் போன் பண்ணுனது உன்னைத் தேடி இல்ல வருண். ஒரு விஷயம் சொல்லத்தான் பண்ணுனேன். நீ எடுத்ததுமே, "கீழதான் நிக்கிறேன்"ன்னு ஆரம்பிச்சிட்ட. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சேன், அப்புறம் உன்னைத் திட்ட ஆரம்பிச்சுட்டேன். திட்டுன வாயால அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

— எதை?

— அலெக்ஸாண்ட்ரா ரோடு வழியா முதல்ல புக்கிட் மேராவுல எங்க வீட்டுக்கு வாங்கண்ணே. எங்க வீட்டு வண்டிங்களும் போயிருச்சு, என்னையும் யாரும் ஏத்தல.